கிணற்றடியில் தீர்மானமாகும் கணக்கு

(யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு, பேச்சு வழக்கும் இடைக்குறிப்புகளும் குறைக்கப்பட்ட வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், நினைவுப் பேருரைக்கு ரி-சோதனையா என்று கேட்டார். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊர் இது. புள்ளிவிபரவியலை ஒரு மாலைப் பொழுது தாங்கிக்கொள்ளும் என்று சொல்லி வைத்தேன். தலைப்பைத் தெரிந்தெடுத்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. விவசாய பீடமோ மருத்துவ பீடமோ, இறுதியாண்டு ஆய்வுக் காலத்தில் மாணவர்கள் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், டேற்றா எல்லாம் எடுத்து முடிச்சிட்டன். இனி எந்த ரி-ரெஸ்ற் போடுறது?"

கேள்வியில் பிழையில்லை. கேட்கும் நேரம்தான் பிந்திவிட்டது. மென்பொருளைத் திறந்தால் தனி மாதிரிச் சோதனை, சாரா மாதிரிச் சோதனை, சோடிச் சோதனை என்று மூன்று கதவுகள் தெரிகின்றன. எந்தக் கதவால் போவது என்பதைத் தீர்மானிக்கும் இடம் கணினி அறை என்று மாணவர் நினைக்கிறார். அது முன்பே தீர்மானமாகிவிட்டது: எந்தக் கிணற்றில், எத்தனை தடவை, எதனோடு எதைச் சேர்த்து அளந்தார் என்பதில். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதை உதாரணங்களோடு வரிசையாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் எருவும் மழையோடு கசிந்து, நைத்திரேற்றாகி, நாம் குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நமது குடாநாட்டில் ஆய்வு செய்யும் மாணவரில் ஒரு பகுதியினராவது வாழ்நாளில் ஒருமுறை இந்தக் கிணறுகளில் போத்தல் நிரப்பியிருப்பார்கள்.

1. ஒன்று என்பது எது?

ஒரு மாணவி உரும்பிராயில் ஒரு கிணற்றிலிருந்து மூன்று போத்தல் நீர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு போத்தலையும் மூன்று முறை அளக்கிறார். இப்போது கையில் 9 எண்கள். இப்படி 5 கிணறுகள் செய்தால் எக்செல் தாளில் 45 நிரைகள். மென்பொருளுக்குக் கிணறும் தெரியாது, போத்தலும் தெரியாது. 45 நிரையைக் கண்டால் 45 சாட்சிகள் என்று நம்பிக் கணக்குப் போடும். உண்மையில் சாட்சி சொல்ல வந்த கிணறுகள் ஐந்தே.

தோட்டத்திலும் இதே கதை. ஒரு பரப்பு நிலத்தில் கூட்டெரு, அடுத்த பரப்பில் யூரியா. அறுவடை நாளில் ஒவ்வொன்றிலிருந்தும் 30 சின்ன வெங்காயப் பூடுகளைப் பிடுங்கி நிறுத்து, மாதிரியின் பருமன் 30 என்று எழுதுகிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். அந்தப் பானையிலேயே முப்பது சோறு எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் பக்கத்துப் பானை வெந்ததா என்று தெரியப்போவதில்லை. எரு இடப்பட்ட அலகு பரப்பு; இரண்டு பக்கமும் ஒவ்வொரு பரப்பு மட்டுமே இருக்கிறது. இந்தத் தரவுக்கு எந்த ரி-சோதனையும் பொருந்தாது. மண், நிழல், வாய்க்காலுக்கு எது கிட்ட என்ற வேறுபாடுகளை எருவின் வேறுபாட்டிலிருந்து பிரிக்க வழியே இல்லை.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. சூழலியலாளர் ஹேர்ல்பேர்ட் 1984இல் தமது துறையின் களப் பரிசோதனைக் கட்டுரைகளைத் துருவிப் பார்த்தார். புள்ளிவிபரச் சோதனை செய்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழப் பாதி இப்படிப் போலிப் பிரதிகளை எண்ணியிருந்தன. மருந்து எளிது. ஒவ்வொரு கிணற்றுக்குமான 9 எண்களையும் ஓர் இடையாகச் சுருக்குங்கள். பிறகு கிணற்றை எண்ணுங்கள். பிரதி வேண்டுமென்றால் இன்னொரு கிணற்றுக்குப் போகவேண்டும்; அதே கிணற்றில் இன்னொரு போத்தல் உதவாது.

2. சோடி உண்டா?

இங்கே சற்று நின்று பேசவேண்டும். ரி-சோதனையின் பிறப்பே இந்தக் கேள்வியோடு கட்டுண்டது.

வில்லியம் கொசெற் 1899இல் டப்ளின் கின்னஸ் மதுவடிசாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். இரசாயனமும் கணிதமும் படித்தவர். பார்லியையும் ஹொப்பையும் வைத்துச் செய்யும் பரிசோதனைகளில் நாலு, ஆறு, பத்து அளவீடுகளுக்கு மேல் கிடைக்காது. அக்காலத்துப் புள்ளிவிபரவியலோ நூற்றுக்கணக்கான அளவீடுகளுக்கென ஆக்கப்பட்டது. 1906இல் இலண்டனுக்குப் போய்ப் புள்ளிவிபரவியலாளர் கார்ல் பியர்சனின் ஆய்வுகூடத்தில் இருந்து, சிறிய மாதிரிகளின் கணக்கைத் தாமே உருவாக்கி, 1908இல் 'பயோமெற்றிக்கா' இதழில் வெளியிட்டார். ஊழியர் சொந்தப் பெயரில் எழுதுவதைக் கம்பனி விரும்பாததால் 'ஸ்ரூடன்ற்' என்ற புனைபெயர். உலகம் இன்றும் அந்தப் பெயரில்தான் இந்தச் சோதனையை அறியும்.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்த முதல் உதாரணம் பார்லி அல்ல, தூக்கம். குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905இல் வெளியிட்ட தரவு அது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு மனநோய் மருத்துவமனையில் 10 நோயாளிகளுக்கு வெவ்வேறு தூக்க மருந்துகள் கொடுத்து, மருந்தில்லாத இரவுகளைவிட எத்தனை மணிநேரம் கூடத் தூங்கினார்கள் என்று பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் பல இரவுகள் அளந்து, ஆளுக்கு ஓர் இடை. நமது முதலாவது கேள்விக்கு அவர்கள் சரியாகவே விடை சொல்லியிருக்கிறார்கள்: அலகு நோயாளி, இரவல்ல. (மருந்துகளின் பெயரைக் கொசெற் தவறாக எழுதிவிட்டார், கணக்கு அதனால் மாறவில்லை.)

முதல் மருந்தால் கூடிய தூக்கத்தின் இடை 0.75 மணி, இரண்டாவதால் 2.33 மணி. வித்தியாசம் 1.58 மணி. இந்த 20 எண்களையும் இரு தனிக் குழுக்களாகப் பாவித்து ரி-சோதனை செய்தால் ரி 1.86, பி-பெறுமானம் 0.08 அளவில். "பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை" என்று எழுதி மூடிவிடுவோம். ஆனால் இரண்டு மருந்தையும் உட்கொண்டவர்கள் அதே பத்துப் பேர். ஆளுக்கு ஆள் கழித்துப் பாருங்கள்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. ஒருவருக்கு வித்தியாசமே இல்லை. மற்ற ஒன்பது பேருக்கும் இரண்டாவது மருந்துதான் மேல். இந்தப் பத்து வித்தியாசங்களின் இடை பூச்சியமா என்று கேட்டால் ரி 4.06, பி 0.003க்குக் கிட்ட. எண்கள் அதே எண்கள். சோடியை மறந்த கணக்கு ஒன்று, நினைவில் வைத்த கணக்கு ஒன்று.

ஏன் இந்த வேறுபாடு? சிலர் எந்த மருந்துக்கும் நன்றாகத் தூங்குபவர்கள், சிலர் எதற்கும் தூங்காதவர்கள். ஆளுக்கு ஆள் உள்ள இந்தப் பெரிய ஏற்ற இறக்கம் மருந்தின் வேறுபாட்டை மூடி மறைக்கிறது. கழித்தலில் அது விலகிவிடுகிறது. சோடிச் சோதனையில் வேறு மந்திரம் எதுவும் இல்லை. வித்தியாசங்களின் நிரல் ஒன்றை எடுத்து, அதற்குத் தனி மாதிரிச் சோதனை செய்வதுதான் அது. கதவுகள் மூன்று என்றேன், உண்மையில் இரண்டுதான்.

தனி மாதிரிச் சோதனை தனியாக உதவும் இடமும் ஒன்று உண்டு: கிணறுகளின் இடையை 50 என்ற எல்லையோடு ஒப்பிடுவது. அங்கே ஓர் எச்சரிக்கை. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாகவே அறிக்கை தரும், சில அதிலுள்ள நைதரசனாகத் தரும். நைதரசனாக எண்ணினால் 50 என்பது சுமார் 11.3. அலகைப் பார்க்காமல் 50ஓடு ஒப்பிட்ட கணக்குகளைக் கண்டிருக்கிறேன். இன்னொன்று, கோண்டாவில் கிணறுகளின் இடை 50க்குக் கீழே என்று காட்டிவிட்டால் ஊர் தப்பியது என்று ஆகாது. எவரும் சராசரிக் கிணற்றில் குடிப்பதில்லை. எத்தனை கிணறுகள் எல்லையைத் தாண்டின என்பதே அங்கே கேட்கவேண்டிய கேள்வி.

நம் கிணறுகளில் சோடி எங்கே வரும்? அதே 20 கிணறுகளில் ஆவணியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை எடுத்தால் ஒவ்வொரு கிணறும் தனக்குத்தானே சோடி. ஆவணியில் 20 கிணறு, மார்கழியில் வேறு 20 கிணறு என்று எடுத்துவிட்டு, இரண்டு நிரலிலும் எண்ணிக்கை சமம்தானே என்று சோடிச் சோதனைக்குள் போடுகிறவர்கள் உண்டு. மென்பொருள் மறுக்காது; முதல் நிரையில் இருக்கும் இணுவில் கிணற்றை அதே நிரையில் இருக்கும் புத்தூர்க் கிணற்றிலிருந்து கழித்து விடை தரும்.

சோடி இருந்தால் போதுமா என்றால், போதாது. மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து வேறுபாடு கண்டால், மாறியது என்று சொல்லலாம். மழையால் மாறியது என்று சொல்வதற்கு இன்னும் வேண்டும். மாரி தொடங்கினால் இறைப்பு நிற்கிறது, தோட்டத்தில் பயிர் மாறுகிறது, உரத்தின் அளவு மாறுகிறது. உரத்தைக் குறைக்கச் சொல்லிச் சில தோட்டக்காரருக்கு ஆலோசனை கொடுத்து அதன் பயனை அறிய விரும்பினால், ஆலோசனை பெறாத தோட்டங்களும் வேண்டும். யாருக்கு ஆலோசனை என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டு எழுமாறாகத் தெரிவு செய்யவேண்டும். பிறகு ஒவ்வொரு கிணற்றிலும் முன்-பின் மாற்றத்தைக் கணித்து, அந்த மாற்றங்களை இரு சாராக் குழுக்களாக ஒப்பிடவேண்டும். இங்கே சோடியும் உண்டு, குழுவும் உண்டு. ஒன்றை மட்டும் கண்டவர் பாதிக் கேள்விக்கே விடை சொல்வார்.

கொசெற்றே இதற்கு ஒரு பெரிய பாடம் எழுதிவைத்தார். 1930இல் ஸ்கொட்லாந்தின் லனாக்ஷயரில் 20,000 பாடசாலைப் பிள்ளைகளை வைத்துப் பாற் பரிசோதனை நடந்தது. 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைந்து பால், 10,000 பேருக்கு இல்லை. மாசியிலிருந்து ஆனி வரை, தொடக்கத்திலும் முடிவிலும் நிறையும் உயரமும். குழு ஒருபக்கம் சாய்ந்திருப்பதாகப் பட்டால் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர் மனம் என்ன செய்யும்? மெலிந்த, வறிய பிள்ளையைப் பால் பக்கம் தள்ளியது. தொடக்கத்திலேயே பால் குடிக்காத குழு நிறையிலும் உயரத்திலும் கூடியிருந்தது. அதோடு பிள்ளைகளை உடுப்போடு நிறுத்தார்கள். மாசிக் குளிரில் வசதியான பிள்ளை தடித்த உடுப்பு, ஆனியில் மெல்லிய உடுப்பு. அந்தக் குறைவு பால் குடிக்காத குழுவின் நிறையிலேயே கூடுதலாக விழுந்தது. 1931இல் கொசெற் எழுதிய விமரிசனத்தின் சாரம்: ஒத்த இரட்டையர் 50 சோடி பிடித்து, சோடியில் ஒருவருக்குப் பால் கொடுத்திருந்தால், செலவின் மிகச் சிறு பகுதியில் இதைவிட நம்பத்தக்க விடை கிடைத்திருக்கும். இருபதினாயிரத்துக்கு எதிராக ஐம்பது சோடி என்று ஒருவர் துணிந்து எழுதியதை, மாதிரி போதாது என்று கவலைப்படும் மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன்.

3. சோடி இல்லையென்றால்

தோட்டக் கிணறுகள் ஒரு குழு, வீட்டுக் கிணறுகள் ஒரு குழு. சோடி இல்லை. இங்கே மென்பொருள் இரண்டு விடைகளை அச்சடிக்கும்: மாறற்றிறன்கள் சமமெனக் கொண்டது, சமமெனக் கொள்ளாதது. முதலாவது ஸ்ரூடன்ற் வழி. இரண்டாவது பேர்னாட் வெல்ச் 1938இலும் 1947இலும் எழுதிய கட்டுரைகளின் வழி.

எதை எடுப்பது? எப்போதும் வெல்ச் என்பதே என் நிலைப்பாடு. காரணத்தை எண்களில் காட்டுகிறேன்; இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள். தோட்டக் கிணறு 8, நியம விலகல் 24. வீட்டுக் கிணறு 40, நியம விலகல் 6. இடைகளின் வித்தியாசம் 12. மாறற்றிறன் சமமென்று கொண்டால், அமைதியான 40 வீட்டுக் கிணறுகள் தம் அமைதியை 8 தோட்டக் கிணறுகளுக்கும் கடன் கொடுத்துவிடும். நியம வழு 4.2, ரி 2.85, பி 0.01க்கும் கீழே, கொண்டாடலாம். வெல்ச் வழியில் நியம வழு 8.5, ரி 1.4, பி 0.2 அளவில். ஏற்ற இறக்கம் கூடிய குழு சிறியதாக இருக்கும்போது பழைய வழி இல்லாத வேறுபாட்டை உண்டென்று காட்டும். குழுக்களின் பருமனும் பரம்பலும் ஒத்திருந்தால் இரண்டு வழிகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தரும். ஆகவே வெல்ச்சை எடுப்பதால் இழப்பது மிகச் சொற்பம். முதலில் லெவீன் சோதனை செய்து மாறற்றிறன் சமமா என்று பார்த்து, பிறகு வழியைத் தெரிவு செய்யும் பழக்கம் நம் பாடக்குறிப்புகளில் இன்னும் இருக்கிறது. எட்டுக் கிணறு வைத்திருப்பவருக்கு லெவீன் சோதனை பல வேளைகளில் வலுக் குறைந்தது. விட்டுவிடலாம்.

ஒருபக்கச் சோதனை பற்றியும் ஒரு சொல். தோட்டக் கிணற்றில்தான் கூடுதலாக இருக்கும் என்று போத்தலைத் தூக்குமுன் எழுதிவைத்திருந்தால் செய்யலாம். விடை 0.08 வந்த பிறகு அதைப் பாதியாக்குவதற்கு அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது.

4. பரம்பலின் வடிவம்

செவ்வன் பரம்பல் இல்லையே, ரி-சோதனை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு இலங்கையோடு தொடர்புள்ள ஒரு பழைய விடை இருக்கிறது. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளிவிபரவியலாளர் ஃபிஷரோடு வேலை செய்துவிட்டு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு வந்தவர் ஈடன். அவரும் புள்ளிவிபரவியலாளர் யேற்ஸும் 1933இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோதுமைப் பயிரின் உயரங்கள். செவ்வன் பரம்பலில் இல்லாத, ஒருபக்கம் சாய்ந்த தரவு. அதைத் திரும்பத் திரும்ப எழுமாறாகக் கலைத்துப் போட்டு, ரி-சோதனைக்கு உறவான ஃபிஷரின் சோதனை சொல்வதும் கலைத்தல் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். நன்றாகவே ஒத்துப்போயின. கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த வேலை.

ஆகவே மிதமான சாய்வுக்குப் பயப்பட வேண்டாம். பார்க்கவேண்டிய இடத்தைப் பாருங்கள். சோடிச் சோதனையில் பார்க்கவேண்டியது வித்தியாசங்களின் நிரலை. இரண்டு மூல நிரல்களை அல்ல. தூக்கத் தரவில் அந்த 4.6 மற்றவற்றிலிருந்து ஒதுங்கி நிற்பது ஒரு புள்ளிப்படம் போட்டால் உடனே கண்ணில் படும். நைத்திரேற்று, பற்றீரியா எண்ணிக்கை போன்றவற்றில் பெரும்பாலான கிணறுகள் தாழ்வாகவும் ஒருசில மிக உயர்வாகவும் இருக்கும். அங்கே மடக்கை எடுத்து ரி-சோதனை செய்வது நல்ல வழி. விடை "இத்தனை மில்லிகிராம் கூட" என்று வராமல் "இத்தனை மடங்கு" என்று வரும், அவ்வளவுதான். செவ்வன் இல்லை என்றவுடன் மான்-விற்னிக்கு ஓடுவோரும் உண்டு. அது இடைகளைப் பற்றிய சோதனை அல்ல. ஒரு குழுவில் எழுமாறாக எடுத்த கிணறு மற்றதில் எடுத்ததைவிட உயர்வாக இருக்கும் வாய்ப்பைப் பற்றியது. அது உங்கள் கேள்வியாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

5. மூன்றாவது குழு வந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து வெங்காய இனங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 10 சோதனைகள். இனங்களுக்குள் வேறுபாடே இல்லாதபோதும் 0.05 மட்டத்தில் எங்காவது ஒரு பொய் வேறுபாடு தலைகாட்டும் வாய்ப்பு, சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், 40 வீதம். மாறற்றிறன் பகுப்பாய்வில் தொடங்குங்கள். இரு இனங்களை மட்டும் ஒப்பிடுவதே நோக்கமென்றால், எந்த இரண்டு என்பதை நாற்று நடுமுன் சொல்லிவிடுங்கள்.

6. அறிக்கையில் எதை எழுதுவது?

"ரி-சோதனை செய்யப்பட்டது, பி 0.05இலும் குறைவு" என்ற ஒரு வரியோடு முறையியல் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. பிரதேச சபைக்கு அந்த வரியால் பயனில்லை. வித்தியாசம் எவ்வளவு, அதன் 95 வீத நம்பிக்கை ஆயிடை என்ன என்று எழுதுங்கள். தூக்க மருந்துத் தரவில் வித்தியாசம் 1.58 மணி, ஆயிடை 0.70 முதல் 2.46 மணி வரை. இரண்டாவது மருந்து முதலாவதைவிட முக்கால் மணிதான் கூட உதவுகிறதோ இரண்டரை மணி கூட உதவுகிறதோ என்ற ஐயம் அதில் ஒளிவு மறைவில்லாமல் கிடக்கிறது. வைத்தியருக்கு வேண்டியதும் அதுவே.

அதோடு சுயாதீனப் படிகளின் (degrees of freedom) எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள். பரீட்சகராக ஓர் ஆய்வேட்டைத் திறந்தால் நான் முதலில் தேடுவது அந்தச் சிறிய எண்ணைத்தான். பத்து நோயாளிகளின் தரவில் அது 9 என்றிருந்தால் எழுதியவர் சோடியைக் கண்டிருக்கிறார். 18 என்றால் பத்துப் பேரை இருபது பேராக எண்ணியிருக்கிறார். 17.8 என்று தசமத்தில் வந்தால் வெல்ச் வழியில் போயிருக்கிறார், ஆனால் சோடியை விட்டுவிட்டார். ஐந்து கிணற்று ஆய்வில் அது 44 என்றிருந்தால், ஒவ்வொரு கிணற்றின் 9 அளவீடுகளையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணிவிட்டார் என்பதை அந்த மாணவியைக் கூப்பிட்டுக் கேட்காமலே சொல்லிவிடலாம்.